டீச்சராகவும் பாட்டியாகவும் வாழ்ந்தவரை எழுதிவைப்பது

வணக்கம் நேயர்களே.

முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆசிரியையாகப் பணியாற்றி, குடும்பத்துக்கும் மூத்தவராக இருந்து எல்லோரையும் ஆளாக்கிவிட்டுப் போன ஒரு பெண்மணியின் வாழ்க்கையை எப்படித் தொகுத்து எழுதிவைப்பது? இன்றைய உரை அதைப் பற்றித்தான்.

பெரும்பாலும் நினைவு மலருக்கென்று அவசர அவசரமாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். 'அன்பின் உருவம், கண்டிப்பின் சிகரம், தன்னலமற்ற தொண்டு' என்று வரிகள் தாமாக வந்து விழுகின்றன. பெயரை மட்டும் மாற்றினால் அந்தப் பக்கம் வேறு எந்த ஆசிரியைக்கும் பொருந்திவிடும். அவர் செய்த ஒரு காரியம்கூட அதில் இருக்காது.

அவரை அறிந்தவர்கள் இரண்டு பிரிவாக இருப்பதுதான் இதற்குப் பெரிய காரணம். மாணவர்களுக்கு அவர் வீட்டில் எப்படி இருந்தார் என்று தெரியாது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர் பாடம் நடத்தி ஒரு நாளும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். வகுப்பில் 40 பேர். ஒரு கட்டுரை நோட்டைத் திருத்த 3 நிமிடம் என்றால் 2 மணி நேரம். இரண்டு வகுப்புக்கு 4 மணி நேரம். பள்ளிக்கூட நேரத்தில் அது கிடைக்கவே கிடைக்காது. வீட்டு வேலையெல்லாம் முடிந்து, மற்றவர்கள் படுத்த பிறகுதான் நோட்டுக் கட்டைப் பிரித்திருப்பார். மறுநாள் சிவப்பு மையைப் பார்த்தவர்கள் மாணவர்கள். முந்தின இரவு விளக்கு எரிந்ததைப் பார்த்தவர்கள் வீட்டார். இரண்டு பக்கமும் கேட்டால்தான் முழு ஆள் கிடைப்பார்.

யாரிடம் முதலில் கேட்பது? நெருக்கத்தைப் பார்க்காதீர்கள், வயதைப் பாருங்கள். 22 வயதில் வேலைக்குச் சேர்ந்து 85 வயதில் மறைந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய முதல் வகுப்பில் 10 வயதில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு இன்று 73. அவருடன் அதே காலத்தில் வேலை பார்த்தவர்கள் 80-ஐத் தாண்டியிருப்பார்கள். மகன், மகள்களின் நினைவு இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும். அவருடைய தங்கை, முதல் பள்ளியின் சக ஆசிரியை, ஆரம்பகால மாணவர்கள் ஆகியோரின் நினைவு காத்திருக்காது. முதல் மாதத்திலேயே அவர்களைப் போய்ப் பாருங்கள். நீங்கள் எழுதப்போகும் ஆசிரியை இன்னும் உயிரோடு இருந்தால் அவரிடமே முதலில் உட்காருங்கள். மனிதர்களுக்கு 10 வயதிலிருந்து 30 வயது வரை நடந்தவைதான் முதுமையில் அதிகம் நினைவில் நிற்கும் என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்று. நேற்றுச் சொன்னதை மறந்தவர்கூட, தான் முதல் வேலைக்குப் போன நாளைத் தெளிவாகச் சொல்வார்.

பதிவு செய்யக் கைபேசியே போதும். ஆனால் அறையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். மின்விசிறியையும் குளிர்பெட்டியின் உறுமலையும் நம் காது ஒதுக்கிவிடும், ஒலிவாங்கி ஒதுக்காது. கைபேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள். இல்லாவிட்டால் நல்ல இடத்தில் அழைப்பு வந்து பதிவு நின்றுபோகும். மேஜை மேல் அப்படியே வைத்தால் கை தட்டும் அதிர்வெல்லாம் விழும். நான்காக மடித்த துணியின் மேல், பேசுபவரின் வாயிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி தூரத்தில் வையுங்கள். ஒரு நிமிடம் பதிவு செய்து, காதொலிப்பான் மாட்டிக் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முதல் வார்த்தையாகத் தேதி, இடம், பேசுபவரின் பெயர், உறவு ஆகியவற்றைச் சொல்லிவிட வேண்டும். செயலியில், ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் 'வேவ்' வடிவம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 300 எம்பி இடம் பிடிக்கும், பரவாயில்லை. வயதானவர்களை ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசவைக்காதீர்கள். குரல் தளர்ந்த பிறகு வருவதெல்லாம் 'ஆமாம், ஆமாம்' என்ற பதில்கள்தான்.

எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால் வேலை சுலபமாகத் தெரியும். அங்கேதான் அதிகம் கெட்டுப்போகிறது. ஒருவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். வேறு மாதிரி நினைவு வைத்திருப்பவர் வாயே திறக்க மாட்டார். முதலில் தனித்தனியாகக் கேளுங்கள். பழைய புகைப்படங்களில் இருப்பவர்களை அடையாளம் காண மட்டும் பிறகு ஒரு முறை கூட்டமாக உட்காரலாம்.

இனி கேள்விகள். 'டீச்சர் எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் 'தங்கமானவர்' என்பார்கள். அத்தோடு கதவு மூடிக்கொள்ளும். அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். வகுப்புக்குள் நுழைந்ததும் முதலில் என்ன செய்வார்? கரும்பலகையில் தேதி எழுதுவாரா, ஜன்னலைத் திறப்பாரா, நேற்று வராத பிள்ளையைத் தேடுவாரா? விடை தெரியாமல் நிற்கும் பிள்ளையிடம் என்ன சொல்வார்? உட்காரச் சொல்வாரா, கேள்வியை உடைத்து மறுபடி கேட்பாரா? நோட்டில் தவறை அடிப்பாரா, அடிக்கோடு மட்டும் போட்டு மாணவனையே திருத்தச் சொல்வாரா? இந்தக் கடைசிக் கேள்வி மிகவும் பலன் தரும். அடிக்கோடு மட்டும் போடும் ஆசிரியை அந்த நோட்டை இரண்டாவது முறையும் பார்க்க வேண்டும். தன் வேலை இரட்டிப்பாகும் என்று தெரிந்தே அதைச் செய்தவர் அவர். 'அர்ப்பணிப்பு' என்று எழுதத் தோன்றும் இடத்தில் இந்த ஒரு பழக்கத்தை எழுதுங்கள்.

வீட்டாரிடமும் அப்படியே. சம்பளம் வந்த நாளில் என்ன செய்வார்? யாருடைய படிப்புச் செலவு யாருடைய பொறுப்பாக இருந்தது? சண்டை வந்தால் இரண்டு தரப்பையும் ஒன்றாக அழைப்பாரா, தனியாக அழைப்பாரா? பதில் வந்ததும் அடுத்த கேள்வியை வீசாதீர்கள். பத்து விநாடி பேசாமல் இருங்கள். அந்த மௌனத்துக்குப் பிறகு வருவதுதான் பெரும்பாலும் நாம் தேடிப் போன விஷயம்.

ஆண்டுகளை மட்டும் நினைவிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். 'எந்த வருஷம்?' என்பதற்குப் பதில், 'அப்போது நீங்கள் எத்தனையாம் வகுப்பு? பெரியவன் பிறந்துவிட்டானா?' என்று கேட்டால் சரியான வரிசை கிடைக்கும். பிறகு பணி நியமன ஆணை, இடமாற்ற ஆணை, பணிப்பதிவேடு, ஓய்வூதிய ஆணை, ஆண்டு எழுதிய பலகையோடு எடுத்த வகுப்புப் படம் ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். இரண்டு இடங்களில் சிக்கல் வரும். பள்ளியில் சேர்க்கும்போது எழுதிய பிறந்த தேதியும் வீட்டில் சொல்லும் தேதியும் வேறாக இருக்கலாம். இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள். திருமணத்துக்கு முன்பும் பின்பும் முதலெழுத்தோ பெயரோ மாறியிருந்தால், ஆவணங்களில் அவர் இரண்டு ஆட்களாக இருப்பார். பழைய பெயரிலும் தேடுங்கள்.

காகிதங்களைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். வீட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று முதலில் தூக்கிப் போடுவது பாடக்குறிப்பு நோட்டுகளையும் பழைய நாட்குறிப்புகளையும்தான். சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்துவிட்டு, அவருடைய மூளை இயங்கிய பக்கங்களைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிடுகிறோம். ஆறு மாதம் எதையும் வெளியே அனுப்பாதீர்கள். துருப்பிடிக்கும் குண்டூசி, ஸ்டேப்ளர் முள், கிளிப் எல்லாவற்றையும் மெதுவாக எடுத்துவிடுங்கள். கிழிந்த கடிதத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் டேப் உதிர்ந்துவிடும், பசை மட்டும் பழுப்புக் கறையாக நிற்கும். லேமினேஷன் கூடவே கூடாது. சூட்டில் ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க வழியில்லை. புகைப்படத்தின் பின்னால் பெயர் எழுத மென்மையான பென்சில் போதும், அதையும் ஓரத்தில் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கத்தில் தடமாகத் தெரியும்.

பசைப் பக்கமும் பிளாஸ்டிக் உறையும் கொண்ட ஆல்பங்களில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். முதலில் இருந்த இடத்திலேயே படமெடுத்துவிடுங்கள். பிறகு பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு பூசாத நூலைப் படத்தின் அடியில் விட்டு, ரம்பம் போல இப்படியும் அப்படியும் மெல்ல இழுத்தால் பெரும்பாலும் விடுபடும். சட்டகத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை எடுக்க முயலவே வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனரில் டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற அளவு, கடிதங்களுக்கு 300, சிறிய புகைப்படங்களுக்கு 600 என்று வையுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் நேர்வெயில் படாத ஜன்னலோரம், ஃபிளாஷ் இல்லாமல், கைபேசியைத் தாளுக்கு நேர் மேலே சாயாமல் பிடித்து எடுங்கள். உறவினர்கள் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

அவர் குரல் உள்ள கேசட் கிடைத்தால் உடனே போட்டுக் கேட்கும் ஆசை வரும். பொறுங்கள். மேல் விளிம்பில் இரண்டு சிறிய பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் தவறியும் அதன் மேல் வேறு பதிவாகாது. பூஞ்சை தெரிந்தால் போடவே வேண்டாம், பழைய நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். போடும் முதல் தடவையே கணினியில் பதிவாகும்படி எல்லாவற்றையும் இணைத்துவிட்டுப் போடுங்கள். பழைய நாடா இரண்டாவது தடவை ஓடும் என்று உறுதி கிடையாது. சேர்த்த கோப்புகள் மூன்று பிரதிகளாக இருக்கட்டும். இரண்டு விதமான சாதனங்களில் வையுங்கள். ஒரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும்.

எழுத உட்காரும்போது பிறப்பிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மாணவரும் வீட்டாரும் இரண்டு பேருமே சொன்ன ஒரு பழக்கம் இருக்கும், அங்கிருந்து தொடங்கலாம். கண்டிப்பு காயப்படுத்திய இடங்களையும் விடாதீர்கள். குடும்பத்தில் மூத்தவர் எடுத்த முடிவுகளில், இவள் படிக்கட்டும், அவள் வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது போல ஒன்றிரண்டு இருந்திருக்கும். அதைத் தாங்கிக்கொண்டவருக்கும் அந்தப் பக்கங்களில் இடம் உண்டு. ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், இன்னார் இப்படிச் சொல்கிறார் என்று இரண்டையும் எழுதுங்கள். நடுவில் ஒன்றை நாமாக உருவாக்கக் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவர் யாருக்குக் கட்டணம் கட்டினார், யாருக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார் என்பது இந்தத் தேடலில் தெரியவரும். அதை அவர் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார் என்றால், அந்த மாணவர் சம்மதிக்காமல் பெயரை அச்சில் ஏற்றக் கூடாது. உதவியை எழுதலாம், பெயரை விட்டுவிடலாம்.

கூட்டத்தில் பேசுவதாக இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு 450 சொற்கள் போதும். பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்செடுத்து, பக்க எண் போடுங்கள். வீட்டிலேயே இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் குரல் எங்கே உடைகிறது என்று தெரிந்துவிடும். அந்த வரிக்கு முன்னால் மூச்சு வாங்க ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு பிரதி முன்வரிசையில் இருக்கும் ஒருவரிடம் இருக்கட்டும். முடியாமல் போனால் அவர் எழுந்து மீதியைப் படிப்பார்.

புத்தகமாகப் போடுவதற்கு முன் வரைவை அகலமான ஓரம் விட்டு அச்செடுத்து, பேட்டி கொடுத்த எல்லோருக்கும் ஒரு பென்சிலோடு அனுப்புங்கள். கண் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். அப்போதும் ஒலிப்பதிவை ஓடவிடுங்கள். 'அது அப்படி இல்லை' என்று அவர்கள் நிறுத்தும் இடங்களில், முதல் பேட்டியில் சொல்லாமல் விட்டதெல்லாம் வரும்.

நன்றி. வணக்கம்.