அந்தக் கடிதத்துக்குக் காசு கொடுத்தது யார்?

நடுவர் அவர்களே, வணக்கம். 'சரித்திரக் காதல் கதையை எடைபோட வேண்டியது காதலின் உருக்கத்தாலா, காலத்தின் உண்மையாலா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தோழி பேசி முடித்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். "நாயகி அழும்போது நானும் அழுதேனா, அது போதும், அந்தக் காலச் சட்டையில் எத்தனை பொத்தான் என்று எண்ணுவது வாத்தியார் வேலை" என்றார். பொத்தான் எண்ண எனக்கும் பொறுமையில்லை. (எண்ணுகிறவர்கள் எங்கள் அணியிலும் உண்டு. அவர்களை இன்று மேடையேற்றவில்லை.)

நான் கேட்பது வேறு. அவள் எதற்காக அழுதாள்?

அண்மையில் ஒரு நாவல் படித்தேன். 1815, இங்கிலாந்து. நாயகிக்குத் தினமும் தபாலில் காதல் கடிதம் வருகிறது, வீட்டில் யாருக்கும் தெரியாது. ஐயா, 1840இல் ஒரு பென்னி தபால் முறை வரும்வரை அங்கே கடிதக் கட்டணம் பெரும்பாலும் வாங்குகிறவர் தலையில்தான் விழும். தூரம் கூடினால் கட்டணம் கூடும், தாள் கூடினாலும் கூடும். காசை வைத்தால்தான் கடிதம். வைப்பது யார்? அப்பா! அப்பா காசு கொடுத்து வாங்கிய காதல் கடிதம் எப்படி ரகசியமாகும்?

இதைப் பிழை என்று கோடு போட்டுவிட்டு நான் நகர மாட்டேன். எனக்கு இது நஷ்டம். அந்தக் காசைப் பற்றி எழுத்தாளர் ஒரு நிமிடம் யோசித்திருந்தால், ஒரு வேலைக்காரியின் உதவி, விற்றுப்போன ஒரு மோதிரம், இரண்டாம் தாளுக்கு வழியில்லாமல் ஒரே தாளில் குறுக்கும் நெடுக்குமாக எழுதிய வரிகள் என்று மூன்று அத்தியாயம் கிடைத்திருக்கும். உருக்கம் கேட்டீர்களே, அது அங்கேதான் கிடந்தது.

ஓடிப்போகிற கதைகளும் அப்படித்தான். 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தால், 21 வயது நிரம்பாதவரின் கல்யாணத்தை இங்கிலாந்தில் பெற்றோர் தடுக்க முடிந்தது. ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் செல்லாது. அதனால்தான் எல்லை தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீனுக்கு வண்டிகள் பறந்தன. சட்டத்தை மறந்துவிட்டு எழுதினால் அது உல்லாசப் பயணம்.

"அப்படியானால் கற்பனைக்கு இடமே இல்லையா?" என்பார்கள். ஏன் இல்லை? ஆதித்த கரிகாலன் கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று துரோகிகளின் பெயரைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குள்தான் கல்கி நந்தினியை நடக்கவிட்டார். கல் பேசாத இடத்தில் எழுத்தாளர் தாராளமாகப் பேசலாம். கல் பேசிய இடத்தில் அதன் வாயைப் பொத்தக் கூடாது.

சிறுகதைக்கு நான் சலுகை தருவேன். காலத்தைக் காட்ட ஒரே ஒரு விவரம் போதும், ஆனால் அது காதலுக்குக் குறுக்கே நிற்கிற விவரமாக இருக்க வேண்டும்.

என்னால் பொறுக்க முடியாதது மனசில் நடக்கும் பிழை. "என் வாழ்க்கை, என் முடிவு" என்று இந்தக் காலத்துப் பெண்ணைப் போலச் சாவகாசமாகச் சொல்லிவிட்டுக் கணவன் வீட்டுப் படியிறங்குகிறாள் நாயகி. 1870க்கு முன் இங்கிலாந்தில் மணமான பெண் உழைத்து ஈட்டிய பணம்கூடச் சட்டப்படி கணவனுக்கே. கையில் காசில்லாமல் படியிறங்கியவள் அன்று ராத்திரி எங்கே தூங்கினாள்? எழுத்தாளர் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டார்.

தோழி தன்னை அழவைத்த அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கட்டும். அதிலுள்ள ஆண்டை அடித்துவிட்டு இந்த ஆண்டைப் போட்டால் ஒரு வரியாவது மாறுமா? மாறாது என்றால் அதைக் காதல் கதை வரிசையில் வையுங்கள், நானே பரிசு தருகிறேன். இந்தச் சரித்திர வரிசைக்கு மட்டும் கொண்டுவராதீர்கள்.