ஆறரை மணிக் கேள்வி

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். முன்வரிசையில் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தபடி "எப்பம்மா வீட்டுக்குப் போவோம்" என்று கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிக்கும் வணக்கம். சீக்கிரம் முடித்துவிடுகிறேன், தம்பி.

மாலை ஆறரை மணி. தோளிலிருந்து பை இன்னும் இறங்கவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். உள்ளே பாதி முட்டைக்கோஸ், வாடிப்போன கீரை, என்றைக்கு வைத்தோம் என்று யாருக்கும் தெரியாத ஒரு கிண்ணம். பின்னாலிருந்து ஒரு குரல் வருகிறது: "இன்னைக்கு என்ன சாப்பாடு?" இந்தக் கேள்வியைக் கேட்டதும் சுருக்கென்று கோபம் வருகிறவர்கள் கையைத் தூக்குங்கள். பரவாயில்லை, முக்கால்வாசிப் பேர் தூக்கிவிட்டீர்கள். தூக்காதவர்களை, அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். (சிரிப்பு)

அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். வெங்காயம் நறுக்குவதில் எனக்குச் சலிப்பில்லை. அடுப்பு முன் நிற்பதும் பெரிய பாரமில்லை. காலையிலிருந்து பத்துப் பேருக்குப் பதில் சொல்லிக் களைத்த தலையிடம், பசியும் ஏறிவிட்ட நேரத்தில், இன்னொரு முடிவைக் கேட்கிறார்கள். அதுதான் எரிச்சல். ஆகவே பரபரப்பான வாரத்துக்கு முன்னால் நாம் தயார் செய்து வைக்க வேண்டியவற்றில் முதலாவது முடிவு. சமையல் அதற்கு அப்புறம். இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரே அளவு டப்பாக்கள், ஒரே வரிசை, வாரம் முழுவதற்கும் சாப்பாடு. கண்ணுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. அடுத்த விடுமுறை நாள் காலை ஒன்பதுக்கு அடுப்பைப் பற்ற வைத்தேன், மதியம் மூன்றரைக்கு அணைத்தேன். 14 டப்பா. திங்கட்கிழமை எனக்கு ஒரே பெருமை. செவ்வாய் பரவாயில்லை. புதன்கிழமை இரண்டு பேர் வீட்டிலேயே இல்லை. வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். வியாழக்கிழமை மகள் டப்பாவைத் திறந்து பார்த்தாள், மூடினாள், "ரொட்டி இருக்கா?" என்றாள். வெள்ளிக்கிழமை 6 டப்பா குப்பைக்குப் போனது. போனது சாப்பாடு மட்டுமா? என் ஒரு நாள் விடுமுறையும் கூடவே போனது.

தப்பு எங்கே? வாரத்தைப் பார்க்காமல் சமையல் குறிப்பைப் பார்த்தேன். அதனால் இப்போதெல்லாம் முதலில் எடுப்பது நாட்காட்டியைத்தான். யாருக்கு எந்த நாள் தாமதமாகும், யார் எந்த இரவு வீட்டில் இருக்க மாட்டார்கள், எந்த நாள் வந்ததும் இருபது நிமிடத்தில் மறுபடி கிளம்ப வேண்டும்? இதைக் குறித்துவிட்டால் வாரத்துக்கு ஒரு முகம் வந்துவிடும். ஏழு இரவுக்கும் திட்டம் போடாதீர்கள். நாலு இரவு போதும். ஓரிரவு மிச்சம் மீதியைத் தீர்க்க. ஓரிரவு வெறுமனே விட்டுவிடுங்கள், எதிர்பாராதது ஏதாவது வந்தே தீரும். ஒன்று, அடுப்பே பற்ற வைக்காத இரவாக இருந்தாலும் குடி முழுகிப் போகாது.

அடுத்தது, கடைக்குப் போகும் முன் வீட்டுக்குள் ஒரு சோதனை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். சட்டியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே நாம் இன்னொரு கட்டு கீரை வாங்கி வருகிறோம். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் வீணான உணவு, தோல், எலும்பு போன்ற கழிவுகளையும் சேர்த்து, சுமார் 105 கோடி டன். கடைகளும் உணவகங்களும்தான் பெரும்பகுதியைக் கொட்டியிருக்கும் என்று நினைப்போம். இல்லை, 63 கோடி டன், அதாவது நூற்றுக்கு அறுபது, வீடுகளிலிருந்து வந்தது. என்னுடைய 6 டப்பாவும் இந்தக் கணக்கில் சேர்ந்த சரக்குதான்.

சரி, சமையலுக்கு வருவோம். முழு உணவாகச் சமைத்து அடுக்காதீர்கள். பாதி வேலையாகச் செய்து வையுங்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. திங்களன்று ஒருவருக்குப் பிடித்தது வியாழனன்று அவருக்கே பிடிக்காது. ஒரு பெரிய பாத்திரம் கொண்டைக்கடலையை வேகவைத்து வைத்தால், ஒரு நாள் தக்காளியோடு கொதிக்கவிடலாம், ஒரு நாள் காய்களோடு கலந்து அப்படியே சாப்பிடலாம், இன்னொரு நாள் மசித்து ரொட்டியில் தடவலாம். மூன்று நாளும் ஒரே கடலை என்று யாருக்கும் தோன்றாது. வெங்காயமும் தக்காளியும் மொத்தமாக வதக்கி வைத்தால் எத்தனையோ பதார்த்தத்துக்கு அதுவே தொடக்கம். மாலையில் நேரத்தைத் தின்பது அந்த வதக்கல்தான் என்பது சமைக்கிறவர்களுக்குத் தெரியும்.

எல்லாமும் முன்கூட்டிச் செய்வதற்குத் தோதானவை அல்ல. மொறுமொறுப்பாக இருக்க வேண்டியது டப்பாவுக்குள் போனால் நமுத்துவிடும். வெள்ளரிக்காயை நறுக்கி உப்புப் போட்டு வைத்தால் மறுநாள் தண்ணீரில் மிதக்கும். கீரையைக் கழுவி ஈரத்தோடு மூடினால் அழுகும். துணியில் நன்றாக உலர்த்தி வைக்க வேண்டும். சோறு ஃப்ரிட்ஜில் ஏன் விறைத்துப் போகிறது தெரியுமா? வேகும்போது இளகிய மாவுச்சத்து, குளிரில் மறுபடி இறுகிக்கொள்கிறது. இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடிவைத்து ஆவி வரச் சூடாக்கினால் திரும்ப இளகும். ரொட்டிக்கும் இதே கதை. ஃப்ரிட்ஜில் வைத்த ரொட்டி வெளியே வைத்ததைவிடச் சீக்கிரம் விறைத்துவிடும். ஃப்ரீசரில் வைத்தால் அப்படி ஆகாது.

பயறு வகையில் ஓர் எச்சரிக்கை. சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. சரியாக வேகாத நாலைந்து பயறு போதும், வாந்தி எடுக்க வைத்துவிடும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் அந்த நச்சு அழியும். மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம் வைத்திருப்பவர்கள் வேகாத ராஜ்மாவை நேரடியாக அதில் போடக் கூடாது. அந்தச் சூடு பயறை மென்மையாக்கும், நச்சைத் தொடாது.

இப்போது நான் கொஞ்சம் நின்று பேச விரும்பும் இடம். எல்லோரும் சமைப்பதைப் பற்றிச் சொல்லித் தருகிறார்கள், ஆறவைப்பதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. முன்கூட்டிச் சமைக்கிறவருக்குப் பாதிப் பாடம் அதுதான்.

சோற்றையே எடுத்துக்கொள்வோம். பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா. மண்ணில் இருப்பது, அரிசியோடு வீட்டுக்கு வந்துவிடும். அதன் வித்துகள் கொதிக்கும் தண்ணீரிலும் சாகாமல் தப்பிவிடும். வடித்த சோறு பெரிய பாத்திரத்தில் மணிக்கணக்காக வெதுவெதுப்பாகக் கிடந்தால் அந்த வித்துகள் முளைத்துப் பெருகி நஞ்சு கக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு சூட்டுக்கு மசியாது. "நல்லா கொதிக்க வெச்சுட்டேனே" என்று சொல்லிப் பயனில்லை. பாக்டீரியா செத்திருக்கும், அது விட்டுப்போனது அப்படியே இருக்கும். மூக்குக்கும் நாக்குக்கும் ஒன்றும் தெரியாது.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில்தான் கிருமிகள் செழிக்கின்றன. சமைத்த எதையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த இடைவெளியில் விட்டுவைக்கக் கூடாது. வெயில் காலத்தில், 32 டிகிரிக்கு மேல் போனால், ஒரு மணி நேரம்தான் கெடு. ஆழமான பாத்திரத்தை அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் தள்ளினாலும் போதாது. ஓரம் குளிர்ந்திருக்கும், நடுவில் கை வைத்தால் சுடும். அகலமான தட்டுகளில் விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்திக் கிளறிவிடுங்கள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று ஒன்றை இளப்பமாகச் சொல்வோம். நம் கணக்குக்கு, சீக்கிரம் ஆறின கஞ்சிதான் நல்ல கஞ்சி.

அப்படி ஆறவைத்தாலும் சோற்றை மறுநாளே தீர்த்துவிடுங்கள். மற்றச் சமைத்த பண்டங்களுக்கு மூன்று நாலு நாள் என்று வையுங்கள். அதனால்தான் ஒரே நாளில் ஏழு நாளைக்குச் சமைப்பது எனக்குச் சம்மதமில்லை. முதல் மூன்று நாளுக்கு ஃப்ரிட்ஜ், அதற்குப் பிறகுக்கு ஃப்ரீசர், அல்லது வாரத்தின் நடுவில் இன்னொரு சின்னச் சமையல். சூடாக்கும்போது லேசாக வெதுப்பினால் ஆகாது. நடுவிலும் ஆவி பறக்க வேண்டும். இன்னொன்று, பூண்டை உரித்து எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சு உருவாகக்கூடும். ஃப்ரிட்ஜில் வைத்து நாலு நாளில் முடித்துவிடுங்கள்.

ஃப்ரீசரைப் பற்றி ஒரு சின்னக் கதை. கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் 1910களில், இன்று கனடாவில் சேர்ந்திருக்கும் லாப்ரடார் பகுதியில் இருந்தார். அங்கே இனுயிட் என்ற பழங்குடி மக்கள் பிடித்த மீன், வெளியே எடுத்த மாத்திரத்தில் கடுங்குளிரில் உறைந்துவிடும். மாதக்கணக்கில் கழித்துச் சமைத்தாலும் புதிது போலவே இருக்கும். காரணம் வேகம். மெதுவாக உறைந்தால் பெரிய பனிப்படிகங்கள் உண்டாகி உணவின் திசுவைக் கிழித்துவிடும், உருகும்போது தண்ணீர் விட்டுச் சொதசொதவென்று ஆகும். சட்டென்று உறைந்தால் படிகங்கள் பொடிப்பொடியாக இருக்கும். இதை அவர் 1920களில் தொழிலாக்கினார். நம் வீட்டு ஃப்ரீசருக்கு லாப்ரடார் குளிர் கிடையாது, பெரும்பாலும் கழித்தல் 18 டிகிரிதான். ஆனால் உணவைத் தட்டையாக, மெல்லியதாகப் பையில் பரப்பி உறையவைத்தால் அந்த வேகத்தில் கொஞ்சம் நமக்கும் கிடைக்கும். உருகுவதும் சீக்கிரம், அடுக்குவதும் சுலபம். உருளைக்கிழங்கையும் அவித்த முட்டையையும் மட்டும் ஃப்ரீசருக்கு அனுப்பாதீர்கள். ஒன்று மணல் மணலாகிவிடும், மற்றது ரப்பர். பையின் மேல் தேதி எழுதுங்கள். "எனக்கு ஞாபகம் இருக்கும்" என்று உறைந்த கட்டியைப் பார்த்து யாரும் சொல்ல வேண்டாம். நான் ஒருமுறை தக்காளிச் சாறு என்று நினைத்து உருக்கியது மிளகாய் விழுது. (சிரிப்பு)

தம்பி கொட்டாவி விடுகிறார். இன்னும் ஒரே ஒரு விஷயம்.

இவ்வளவு நேரம் "நீங்கள், நீங்கள்" என்று பேசினேன். அந்த நீங்கள் யார்? பல வீடுகளில் அது ஒரே ஆள்தான். என்ன இருக்கிறது, என்ன தீர்ந்தது, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது, எதை எப்போது ஊறப்போட வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அது யார் கண்ணுக்கும் வேலையாகத் தெரியாது. "நான் வேணா உதவி பண்ணட்டுமா, என்ன செய்யணும்னு சொல்லு" என்று வீட்டுக்காரர் நல்ல மனதோடுதான் கேட்கிறார். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று யோசிப்பதுதானே இங்கே பெரிய பாரம்? அதை இறக்கி வைக்காமல் வெங்காயத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்.

எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமையை மொத்தமாக அவரிடம் கொடுத்துவிட்டேன். யோசிப்பது, வாங்குவது, சமைப்பது, கழுவுவது வரை. மூன்று செவ்வாய் தொடர்ந்து முட்டைதான் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. சமையலில் நான் செய்த பெரிய சாதனை அதுதான் என்று இப்போதும் சொல்வேன். நாலாவது செவ்வாய் மகளே, "அப்பா, போதும்பா" என்றாள். அதற்கப்புறம் அவர் திங்கள் இரவே ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். அந்த நிலையில் அவரைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை என்னவென்று சொல்வது!

இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நாலு நாளுக்கு நேரே நாலு வரி. யார் சமைப்பது என்பதும் அதிலேயே இருக்கும். யாராவது "இன்னைக்கு என்ன சாப்பாடு?" என்றால், கையை நீட்டிக் கதவைக் காட்டுகிறேன். தாள் பிடிக்கவில்லையென்றால் பக்கத்திலேயே பென்சில் தொங்குகிறது, மாற்றி எழுதிக்கொள்ளலாம். எழுதியவர்தான் சமைக்க வேண்டும் என்பது மட்டும் சட்டம். இதுவரை மகள் இரண்டு முறை எழுதியிருக்கிறாள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், அரை மணி நேரம் இருப்பேன். அதற்கு மேல் முடியாது. வரும்போது கடலையை ஊறப்போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.