இழையில் ஃபுளோரின், குடிநீரில் ஃபுளோரைடு

தலைமை தாங்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மாவுக்கும், பென்னாகரத்திலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் டாக்டர் ஐயாவுக்கும், கேட்டதும் மண்டபத்தைத் திறந்துவிட்ட தலைமை ஆசிரியருக்கும், மைக்செட் போட்ட தம்பிகளுக்கும் வணக்கம், நன்றி.

மரபுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறுகளான டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரட்டை இழையின் உறுதியை மாற்றும் மூன்றைப் பற்றிப் பேச வந்தேன்: ஃபுளோரின், மெத்தில் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி), கந்தகம்.

இரட்டை இழை, இரண்டு புரி முறுக்கிய கயிறு மாதிரி. சூடாக்கினால் பிரியும். பாதி பிரிந்து நிற்கும் வெப்பநிலைதான் உருகுநிலை. அது ஏறினால் பிடிப்பு பலம். ஆர்.என்.ஏ.வில் உள்ள சர்க்கரையின் இரண்டாம் கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சிலை, அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடியை, எடுத்துவிட்டு அங்கே ஃபுளோரினை வைத்தால் உருகுநிலை ஏறும், நொதிகளாலும் சட்டென்று வெட்ட முடியாது. கொழுப்பைக் குறைக்கும் ஆர்.என்.ஏ. ஊசி மருந்தான இன்க்ளிசிரான், தொடக்க ஊசிகளுக்குப் பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை போதும் என்பதில் இதற்கும் பங்கு உண்டு. ஆனால் பிடிப்பை ரொம்ப ஏற்றிவிட்டால் செல்லுக்குள் இழைகள் பிரியாது, மருந்து வேலை செய்யாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு!

மற்ற இரண்டும் இருக்கட்டும். நம் பிள்ளைகள் பல்லிலும் ஹைட்ராக்சில் இருந்த இடத்தில்தான் ஃபுளோரைடு போய் உட்காருகிறது. மருந்தில் கார்பனோடு கட்டுண்ட அணு, தண்ணீரில் கரைந்த அயனி, இரண்டும் வேறு. கொஞ்சம் இருந்தால் சொத்தையைத் தடுக்கும், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லும் எலும்பும் கெடும்.

ஒரு பள்ளியில் வகுப்புப் படம் எடுத்தார்கள். போட்டோக்காரர் "சிரிங்க, சிரிங்க" என்கிறார், ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை. வெளியூரிலிருந்து புதிதாக வந்த டீச்சர், பாவம், பல் தேய்ப்பதில்லை போல என்று நினைத்துத் தன் சம்பளத்தில் எல்லோருக்கும் பிரஷ்ஷும் பேஸ்ட்டும் வாங்கிக் கொடுத்தார். மாதங்கள் போயும் கறை போகவில்லை. ஒருநாள் பேத்தியைக் கூப்பிட வந்த பாட்டி வாய்விட்டுச் சிரித்தார், பல்லெல்லாம் வெள்ளை! "எப்படிப் பாட்டி?" என்றால், "நான் வேப்பங்குச்சியில தேய்ச்சவ, குடிச்சது கிணத்துத் தண்ணி. இதுங்க பொறந்ததிலிருந்து போர் தண்ணிதானே குடிக்குதுங்க" என்றார். பல் உருவாகும் வயதிலேயே படிந்த கறையை எந்த பிரஷ் போக்கும்?

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே இதற்காகத்தான். குழாய்த் தண்ணீர் வராத நாளில் மறுபடி போர் தண்ணீருக்கே, அதாவது ஆழ்துளைக் கிணற்றுக்கே போகிறோம். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று வீட்டில் சொல்கிறோம், சரி, அந்த அளவு எவ்வளவு என்று எந்தப் போரிலாவது எழுதியிருக்கிறதா? ஒவ்வொரு போரையும் சோதித்து, எண்ணைப் பெயிண்டில் எழுத வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர் தினமும் வர வேண்டும்.

மெத்திலும் கந்தகமும் கேட்க வந்த தம்பிகள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். வரும் கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கத் தலைவர் அம்மாவைக் கேட்டுக்கொள்கிறேன். மனு மேடைக்குக் கீழே மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.