நிறைவேறிய பாதியும் நிறைவேறாத பாதியும்

அவையோருக்கு வணக்கம்.

2015 ஜனவரி 8 ஆம் திகதி இரவு, இலங்கை ஜனாதிபதித் தேர்தலின் முடிவுகளுக்காகக் கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விடியவிடிய விழித்திருந்தவர்கள் இங்கு பலர் இருப்பீர்கள். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் செல்லுபடியான வாக்குகளில் 74 வீதம், அத்தேர்தலில் வென்ற எதிரணி வேட்பாளர் மைத்திரிபால சிறிசேனவுக்கு விழுந்தது. ஆட்சி அதிகாரத்தை ஒருவரிடமே குவிக்கும் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறை ஒழியும், அச்சமின்றி வாழலாம், பறிபோன காணிகள் திரும்பும் என்ற எதிர்பார்ப்பே அந்த வாக்குகளுக்குக் காரணம். தனிமனித அபிமானம் அன்று.

ஜனாதிபதி முறையை ஒழிப்பதாக 1994 இல் சந்திரிகா குமாரதுங்கவும் உறுதியளித்தார். 62 வீத வாக்குகளோடு வந்த அவர், பதினொரு ஆண்டுகளின் பின் அப்பதவியை ஒழிக்காமலேயே விடைபெற்றார். அதே கோரிக்கைக்காகப் போராடிய மாதுளுவாவே சோபித தேரர் 2015 நவம்பரில் காலமானபோது, அவருடைய இறுதிக் கிரியையில் நின்று சிறிசேன மீண்டும் அதே உறுதியை வழங்கினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 2018 ஒக்டோபர் 26 இல், ஒழிப்பதாகச் சொன்ன அதே அதிகாரத்தைக் கொண்டு பிரதமரை நீக்கினார். நவம்பர் 9 இல் நாடாளுமன்றத்தையும் கலைத்தார். அன்று எனக்கு ஏற்பட்ட வேதனை இன்னும் ஆறவில்லை.

ஆயினும் "எல்லோரும் ஒன்றுதான்" என்று சொல்ல என் மனம் இடந்தரவில்லை. நாடாளுமன்றத்தை நாலரை ஆண்டுகளுக்கு முன் தன்னிச்சையாகக் கலைக்க இயலாதென விதித்த அரசியலமைப்பின் 19 ஆவது திருத்தம், அதே 2015 இன் வாக்குறுதியிலிருந்து பிறந்தது. அதை ஆதாரமாகக் கொண்டே 2018 டிசம்பர் 13 இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஏகமனதாகக் கலைப்பைச் செல்லாததாக்கினர். நிறைவேறாத பாதி நாட்டை நெருக்கடிக்குள் தள்ளியது. நிறைவேறிய பாதி அதைக் காத்தது. இந்த வேறுபாட்டை மறந்து வெறுப்பில் ஒதுங்கும் வாக்காளரால் அடுத்த தலைவருக்கு வசதி கூடுமேயன்றி அச்சம் வராது. 2020 இல் 20 ஆவது திருத்தம் அந்தக் காப்பின் பெரும்பகுதியைக் கழற்றியபோது அதைத்தான் கண்டோம்.

2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் 79 வீதமாக இருந்த வாக்களிப்பு, எட்டே வாரங்களில், நவம்பர் பொதுத் தேர்தலில், 69 வீதமாகக் குறைந்தது. அந்த ஆண்டு ஜனாதிபதியாக வென்ற அநுர குமார திசாநாயக்கவின் விஞ்ஞாபனத்திலும் ஜனாதிபதி முறையை ஒழிக்கும் வாக்குறுதி உண்டு. அந்தப் பக்கத்தை நான் எடுத்து வைத்திருக்கிறேன். மறுமுறை என் வாசலுக்கு வாக்குக் கேட்டு வருபவரிடம் முதலில் அதைத்தான் நீட்டுவேன்.