தாழப் பறந்தால் வழி கிடைத்துவிடுமா?

வணக்கம். கணினி விமானச் சிமுலேட்டருக்கு யோக், அதாவது விமானத்தை இயக்கும் கைத்திருப்பி, வாங்கப் பணம் சேர்ப்பதாக மூன்று காணொளிகளாக நான் புலம்பியதைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு ஒரு நற்செய்தி: அது வந்துவிட்டது. ஒருவர் பயன்படுத்திய பொருள்தான், விலை 11,000 ரூபாய். ஆனால் அதன் பிடி என் மேசை விளிம்பில் இறுகவில்லை. தெருமுனைத் தச்சரிடம் 40 ரூபாய்க்கு ஒரு தேக்குத் துண்டு வாங்கி இடையில் செருகியிருக்கிறேன். அவர் முதலில் 60 கேட்டார் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

இனி எரிச்சலுக்கு வருவோம். ஞாயிறு இரவு நாங்கள் நால்வர், சிமுலேட்டரில் நம் புதுச்சேரி விமான நிலையமான லாஸ்பேட்டை ஓடுதளத்தைச் செஸ்னா 172 விமானங்களில் சுற்றிக்கொண்டிருந்தோம். நிஜத்தில் அங்கே கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்வதே வேதவாக்கு. அன்று கோபுரத்தில் அமர யாரும் இல்லாததால், அமெரிக்கச் சிறு நிலையங்களின் வழக்கத்தைக் கைக்கொண்டோம். அந்நாட்டில் பொதுப் பயன்பாட்டிலுள்ள ஏறத்தாழ 5,000 நிலையங்களில் கோபுரம் உள்ளவை 500 அளவில்தான். மற்ற இடங்களில் விமானிகள் தாங்களே தம் இருப்பிடத்தை வானொலியில் அறிவித்து, வேறு குறிப்பு இல்லாதவரை இடப்புறமாகவே திரும்பிச் சுற்றுகிறார்கள். விமானியின் இருக்கை இடப்பக்கம் இருப்பதால் ஓடுதளம் கண்ணில் இருந்துகொண்டே இருக்கும்.

சொல்ல மறந்துவிட்டேன், காற்று மேற்கிலிருந்து வீசியதால் நாங்கள் மேற்கு நோக்கிய 25ஆம் ஓடுதளத்தில் இறங்கிக்கொண்டிருந்தோம். ஆகவே டவுன்விண்டில், அதாவது ஓடுதளத்துக்கு இணையாக இறங்கும் திசைக்கு எதிராகப் பறக்கும் பகுதியில், ஊர் எனக்கு வலப்பக்கம் இருந்தது. தரையிலிருந்து 1,000 அடி உயரத்தைப் புதிய யோக்கில் ஊசி அசையாமல் பிடித்திருந்தேன். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். "லாஸ்பேட்டை டிராஃபிக், செஸ்னா, இடப்புற டவுன்விண்ட், ஓடுதளம் 25, லாஸ்பேட்டை" என்று முறைப்படி அறிவித்தேன். ஒரே அலைவரிசையைப் பல நிலையங்கள் பகிர்வதால்தான் ஊர்ப்பெயர் இருமுறை வருகிறது.

அப்போது ஐந்தாவதாக ஒருவர் கடல் பக்கமிருந்து நேராக வந்தார். நேராக வந்து இறங்குவது குற்றமன்று. எத்தனை மைலில் இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே வந்து, சுற்றில் இருப்பவர்களுக்கு இடையூறின்றி நுழைய வேண்டும். அவரோ, "யாராவது இருக்கிறீர்களா, சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டார். அமெரிக்க விமானக் கையேடு எந்நிலையிலும் பயன்படுத்தாதீர்கள் என்று விலக்கும் சொற்றொடர் அதுவேதான். ஓடுதளத்தை நேராக நோக்கி இறங்கும் இறுதிப் பகுதியான ஃபைனலில் திரும்பிய என் விமானத்தின் மூக்கின் கீழே புகுந்துவிட்டு, "நான்தான் தாழ இருந்தேன், எனக்கே முன்னுரிமை" என்று வாதிட்டார்.

விதி அப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் அந்தச் சலுகையைக் கொண்டு, இறங்குவதற்காக ஃபைனலில் இருப்பவருக்குக் குறுக்கே புகக் கூடாது என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. பாதி படித்தவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. நான் மேலெழும்பி, அவர் விமானம் என் கண்ணில் இருக்கும்படி ஓடுதளத்துக்குச் சற்று வலப்புறமாக ஒதுங்கி, மீண்டும் ஒரு சுற்று வந்து இறங்கினேன். சக்கரம் தரை தொடும் நொடியில் தேக்குத் துண்டு நழுவி என் காலில் விழுந்தது.