சட்பரிக்குக் குணம் தந்தது சுண்ணாம்பே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'கனடாவின் சட்பரி நகருக்குக் குணம் தந்தது நிக்கலா, சுண்ணாம்பா?' இதுதான் தலைப்பு. நிக்கல் அணித் தலைவர் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். 1883இல் ரயில் பாதை போட்டபோது தாது தென்பட்டது, அதனால்தான் ஊரே வந்தது, ஒன்பது மீட்டர் உயர நிக்கல் நாணயச் சிலை இன்றும் நிற்கிறது என்றார். ஒப்புக்கொள்கிறோம். ஊருக்குச் சோறு போட்டது நிக்கல்தான். ஆனால் நம் தலைப்பில் சோறு இல்லையே ஐயா, நோய் தீர்ந்து தேறுகிற குணம்தானே இருக்கிறது!

அந்த நிக்கல் செய்த வேலையையும் சொல்ல வேண்டாமா? சட்பரித் தாதுவில் கந்தகம் மிகுதி. உருக்குமுன் அதைப் போக்க வேண்டும். ஆரம்ப காலத்தில் எப்படிப் போக்கினார்கள்? வெட்டவெளியில் விறகை அடுக்கி, மேலே தாதுவைக் குவித்து, தீ வைத்துவிட்டார்கள். குவியல் மாதக்கணக்கில் புகைந்தது. புகைபோக்கி கிடையாது, சல்ஃபர் டை ஆக்சைடு தரையை ஒட்டியே தவழ்ந்தது. விறகுக்கு வெட்டியது போக மிஞ்சிய மரங்களை அந்தப் புகை கொன்றது. வேர் பிடிப்பு போனதும் மழை மண்ணை அரித்துச் சென்றது. மிஞ்சியது கறுத்த பாறை. இந்த முறை 1920களின் இறுதியில் நின்றாலும் உருக்காலைப் புகை நிற்கவில்லை. சுமார் 17,000 எக்டேர் மொட்டையாகவே போனது.

நிலவுக்குப் போகிறவர்கள் பயிற்சிக்கு வந்த ஊர் என்று எதிரணி பெருமைப்பட்டது. வந்தார்கள், உண்மை. ஆனால் மொட்டைப் பாறையைப் பார்க்க வரவில்லை! ஏறத்தாழ 185 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதிய தடயங்களைப் படிக்க வந்தார்கள். விண்கல்லின் பெருமையை உருக்காலைக் கணக்கில் எழுதலாமா?

அடுத்து, 1972இல் எழுந்த 381 மீட்டர்ப் புகைபோக்கி ஊர்க் காற்றைச் சுத்தமாக்கியது என்றார்கள். பாதி உண்மை. உள்ளூரில் புகை குறைந்தது, அது இல்லாமல் எங்கள் சுண்ணாம்பும் பலித்திருக்காது. ஆனால் அந்தப் புகை எங்கே போனது? அமில மழையாய் அடுத்தவன் ஏரிக்கு! வெளியேற்றமே பெரிதாகக் குறைந்தது பிற்பாடு, 1985இல் ஒன்டாரியோ மாகாண அரசு உச்சவரம்பு விதித்து 1994 வரை கெடு வைத்த பிறகு.

இனி எங்கள் கட்சி. புகை குறைந்துவிட்டது, மரம் நட்டுவிடலாம் என்று நட்டுப் பார்த்தால் கன்று பிழைக்கவில்லை. ஏன்? மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு நான்கை ஒட்டிக் கிடந்தது, அதாவது கடும் புளிப்பு. அந்தப் புளிப்பில் அலுமினியம், செம்பு, நிக்கல் எல்லாம் கரைந்து வேர் நுனியைக் கருக்கின. போதாக்குறைக்கு, மூடாக்கு இல்லாத வெற்று மண்ணில் பனி உறையும்போது நிலம் உப்பி, இளங்கன்றை வேரோடு மேலே தள்ளிவிடும்.

லாரன்ஷியன் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர் கீத் வின்டர்ஹால்டரும் கூட்டாளிகளும் சோதனைப் பாத்திகளில் கண்டது இதுதான்: உழவே வேண்டாம், சுண்ணாம்புக்கல் பொடியை மேலாகத் தூவினாலே போதும். வெற்றிலைக்குத் தடவுகிற நீற்றிய சுண்ணாம்பு என்று நினைத்துவிடாதீர்கள். இது டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் வகையை அரைத்த பொடி. மெதுவாகக் கரையும், கால்சியத்தோடு மக்னீசியமும் கொடுக்கும். ஆனால் அளவு முக்கியம் என்பது இரண்டுக்கும் பொது!

எக்டேருக்கு 10 டன், அதாவது சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. அதன் மேல் எக்டேருக்குச் சுமார் 400 கிலோ உரம், அதில் தழைச்சத்து குறைவு, மணிச்சத்தும் சாம்பல் சத்தும் தூக்கல். கோடை முடிவில் 30, 40 கிலோ புல் விதையும் குளோவர் போன்ற பயறுவகை விதையும். தழைச்சத்தைப் பயறுவகையே காற்றிலிருந்து பிடித்துத் தந்துவிடும். புல்லை நெருக்கி விதைத்தால் காற்றில் வரும் பிர்ச், பாப்லர் மர விதைகளுக்கு இடமிருக்காது. ஆகவே வேண்டுமென்றே இடைவெளி விட்டு விதைத்தார்கள். பைன் கன்றுகள் அதற்குப் பிறகுதான்.

இதைச் செய்தது யார்? 1978இல் நிக்கல் விலை சரிந்து ஆட்குறைப்பு நடந்தது. வேலை போனவர்களையும் மாணவர்களையும் வட்டார நகராட்சி கூலிக்கு அமர்த்தியது. வண்டி ஏறாத பாறைச் சரிவில் மூட்டையைத் தோளில் சுமந்து ஏறி, கையால் தூவினார்கள். நிக்கல் கைவிட்ட கைகள், நடுவர் அவர்களே! இன்றுவரை நட்ட மரங்கள் ஒரு கோடிக்கு மேல்.

'17,000 எக்டேரில் சுண்ணாம்பு விழுந்தது 3,400க்குச் சற்று மேல்தானே?' என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். தூவிய இடங்கள் விதைப் பண்ணைகளாயின, மற்றதைக் காற்று பார்த்துக்கொண்டது. உலோகம் இன்னும் மண்ணில்தான் இருக்கிறது, சுண்ணாம்பு அதைக் கட்டி வைத்திருக்கிறது, அவ்வளவே. மரம் வந்தும் காட்டுத் தரைச் செடிகள் வரத் தயங்கின. அதற்காக, சாலை போட அழிக்கப்படும் காட்டின் தரையையே பாய் போல வெட்டி எடுத்து வந்து, சுண்ணாம்பு தூவிய சரிவுகளில் பதிக்கிறார்கள். மணி அடித்துவிட்டீர்கள், அமர்கிறேன். அந்தப் பாயை நிக்கல் அணி எந்தக் கணக்கில் எழுதப்போகிறது என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே.