திட்டு வாங்கியவரிடம் பேசுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் சில வருடங்கள் ஓர் இணையக் குழுவுக்கு அட்மினாக இருந்தவள். அங்கே நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லையே என்று ஒரு தாய் எங்கள் குழுவில் கேட்டிருந்தார். ஒருவர் வந்து அவருடைய வளர்ப்பைப் பழித்து எழுதினார். அப்புறம் இன்னும் நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள். மற்ற நாங்கள் எல்லோரும் வாயே திறக்கவில்லை. இணையத்தில் வம்பிழுக்கும் ட்ரோல்களுக்குப் பதில் சொல்லாதே, அதுதான் அவர்களுக்குத் தீனி என்று கேட்டுப் பழகியவர்கள் நாங்கள்.

அந்த அறிவுரை பழையது. ஓடும் படகுக்குப் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டே மீன் பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் ட்ரோலிங் என்று பெயர். யாராவது கடிக்கட்டும் என்று இரை போடுகிறவர்களுக்கு 1990களின் தொடக்கத்திலேயே இணையத்தில் இந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. இரையைக் கடிக்காமல் இருப்பது சரிதான். ஆனால் எங்கள் மௌனத்தை அந்தத் தாய் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்? குழுவே தன்னைப் பழிக்கிறது என்றுதானே? அன்று இரவே விலகிவிட்டார். பிறகு நான் எழுதிய மன்னிப்புக்குப் பதில் வரவில்லை.

அந்த நான்கு பேர் ஏன் சேர்ந்துகொண்டார்கள் என்பது பின்னால்தான் எனக்குப் புரிந்தது. ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிலருக்கு எளிய தேர்வும் சிலருக்குக் கடினமான தேர்வும் வைத்துவிட்டு, ஒரு செய்தியைப் பற்றிக் கருத்து எழுதச் சொன்னார்கள். எளிய தேர்வு எழுதி, மற்றவர்கள் எழுதிய சாதாரணக் கருத்துகளை மட்டும் முன்னால் பார்த்தவர்கள் எழுதியதில் சுமார் 35 சதவீதம் வம்பு. கடினமான தேர்வில் சலித்துப்போய், முன்னாலேயே வம்பையும் பார்த்தவர்களிடம் அது 68 சதவீதம். சாதாரண மனிதர்கள்தான். முதல் வசவை நான் உடனே நீக்கியிருந்தால் அடுத்த நான்கும் வந்திருக்குமா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

தாக்கப்படுகிறவர் நீங்கள் என்றால், பிளாக் செய்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். தேதி, நேரம், எழுதியவரின் ஐடி மூன்றும் அதில் தெரிய வேண்டும். எழுதியவரே பிறகு அழித்துவிடலாம். வந்து குவிவதையெல்லாம் நீங்களே படிக்க வேண்டியதில்லை. நம்பிக்கையான ஒருவரிடம் போனைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டு முகவரியை வெளியிடுவது, கொல்லுவேன் என்பது, அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டுவது, இதெல்லாம் வம்பு என்ற கணக்கிலேயே வராது. காவல்துறையிடம் போங்கள்.

பார்த்துக்கொண்டிருப்பவர் என்றால், திட்டியவரை விட்டுவிட்டுத் திட்டு வாங்கியவரிடம் பேசுங்கள். "படித்தேன், நீங்கள் கேட்டதில் தப்பில்லை" என்று இரண்டு வரி போதும். எல்லோரும் பார்க்கும்படி எழுதத் தயக்கமாக இருந்தால் தனியாக அனுப்புங்கள். அப்படியே, அவர் கேட்டதற்குப் பதில் தெரிந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

அந்தத் தாய் தன் குழந்தையைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு எங்களில் ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை.